மூன்றாவது துளை

இந்த ஊரின் பெயருக்கு அர்த்தம் படகு.
வூச் என்றால் போலிஷில் படகுதான்.
துடுப்புப் போட ஓர் ஆறு கிடையாது;
இருந்த ஆறுகளைக் குழாய்க்குள் தள்ளி
மேலே தெருவைப் போட்டுவிட்டார்கள்.
டிராம் போகையில்
அடியில் ஏதோ ஒன்றும் கூடவே போகும்.

நூற்றுப் பன்னிரண்டு வயதுச் செங்கல் கட்டடம்.
இரண்டாம் மாடியில் கெனொவெஃபா.
நான் காலணியைக் கழற்றுவதற்குள்
"மேல்வீட்டு விட்டோல்டின் குளியல்தொட்டி" என்றார்.
ஆறு வருடக் கடிதங்கள்
தேதிவாரியாகத் துளையிட்டுக் கோக்கப்பட்டிருந்தன.
வக்கீல் முத்திரை மட்டும் பதினொன்று.

காகிதத்தை நான் முதலில் படிப்பதில்லை.
விரல்முட்டியால் சுவரைத் தட்டுவேன்.
பிடிப்புள்ள பூச்சு டக் என்னும்;
பிடி விட்டது
பேச விருப்பமில்லாதவர் போலப்
பொத் என்று நிறுத்திக்கொள்ளும்.
கறை இருந்த இடத்தில் டக்.
கறையே இல்லாத இடத்தில்,
ஜன்னலுக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்தில்,
பொத்.

ஈரமானியும் அங்கேதான் கத்தியது.
அதன் கத்தலை நான் முழுதும் நம்புவதில்லை,
உப்பைக் கண்டாலும் கத்தும் சனியன்.

மேலே போனேன்.
விட்டோல்டின் குளியல்தொட்டியில்
பனிக்கால டயர் நான்கு,
வெள்ளரி ஊறுகாய் ஜாடிகள், அடிப்பக்கம் செய்தித்தாள்.
"நான்கு வருடமாகக் குளியல்
நகராட்சி நீச்சல்குளத்தில், செவ்வாயும் வெள்ளியும்.
தரையை இரண்டு முறை பெயர்த்தேன்.
கீழே கறை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறதாம்."
அவர் தலைமுடியில் குளோரின் வாசம்.
கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் துளை:
சிவப்புத் தூள் பறந்து கைச்சட்டையில் உட்கார்ந்தது.
தட்டினேன், போய்விட்டது.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில் தூளே வரவில்லை.
துரப்பண முனையைச் சுற்றிச்
சேறு வந்தது,
பிசைந்த கேழ்வரகு மாவு நிறத்தில்.

கண் வைத்த கம்பியை உள்ளே விட்டேன்.
செங்கல், காரை, இருட்டு,
பிறகு ஒரு வார்ப்பிரும்புத் தோள்.
மழைக்குழாய்.
வரைபடத்தில் இல்லாத குழாய்.
வெளிச்சுவருக்கு வெள்ளை நுரைப்பலகை ஒட்டியபோது
உயிரோடு மூடிவிட்டிருக்கிறார்கள்.
கூரை இன்னும் அதற்குள்தான் ஊற்றுகிறது.
ஏதோ ஓர் உறைபனி இரவில் மூட்டு பிளந்திருக்கிறது.
விரிசலின் உதட்டில் ஒரு துளி
கனத்து,
தயங்கி,
திரையை விட்டு விழுந்தது.

தண்ணீர் நேர்வழியில் வருவதில்லை.
காரையில் ஏறும், உத்தரத்தில் படுக்கும்,
தனக்குச் சம்பந்தமில்லாத கூரைமூலையில்
முகம் காட்டும்.
அந்த மூலைக்கு மேலே யார் குடியிருக்கிறாரோ
அவர் தலையில் விடியும்.

அப்புறம்தான் கோப்பைத் திறந்தேன்.
எல்லாவற்றுக்கும் முந்தைய தாள், ஏழு வருடம் முன்பு,
ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியல்:
"பழைய குழாயை அகற்ற இவ்வளவு. அப்படியே மூட ஒன்றுமில்லை."
இரண்டாவது வரிக்கு நேரே ஒரு சரி.
கீழே குடியிருப்போர் குழுவின் மூன்று கையெழுத்துகள்.
நடுவில் இருப்பது யாருடையது என்று
நான் கேட்கவில்லை.
கெனொவெஃபா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
போட்டார், மறுபடி துடைத்தார்.

"இந்தத் துளையை அடைத்துவிடுவீர்கள்தானே?"
"இப்போது வேண்டாம்.
முதலில் குழாய். பிறகு சுவர் மூச்சு விடட்டும்.
மாதத்துக்கு ஓர் அங்குலம் உலர்ந்தால் அதிகம்.
இது இருபது அங்குலம்."
விரலை மடக்கி எண்ணத் தொடங்கியவர்
பாதியில் விட்டுவிட்டார்.

படியில் விட்டோல்ட் காத்திருந்தார்.
டாக்டரிடம் கேட்பதுபோலக் கேட்டார்:
"குளிக்கலாமா?"
"குளிக்கலாம்."
தலையாட்டினார்.
வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:
"வெள்ளரி ஜாடிகளுக்குத்தான்
இனி இடம் பார்க்க வேண்டும்."