பக்கத்துக்கு ஐந்து நிமிடம்

தொண்ணூறு நிமிடக் கேசட்
தொண்ணூறு நிமிடம்தான் ஓடும்.
கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்பதற்காக
அது ஒன்றும் அவசரப்படாது.
வில்லாபுரம் வீட்டில்
பதினோரு மணிக்குமேல்தான் உட்காருவேன்.
பகலில் கரண்டு போகும்.
போனால் நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் போகும்.
மறுபடி முதலிலிருந்து.

மீனாட்சி பஜாரில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய ஒயர்.
ஒரு முனை டேப்பில், மறுமுனை கம்ப்யூட்டரில்.
ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டைத் துடைத்த பஞ்சு
பழுப்பாய் வந்தது.
பாட்டெல்லாம் சேர்ந்து விட்டுப்போன நிறம்
என்று சொல்லத் தோன்றியது.
அழுக்குதான்.

திரையில் பச்சையாய் ஒரு புழு
சரணத்தில் தடித்து
இடையில் இளைத்து
ஊர்ந்துகொண்டே இருக்கிறது.

எல்லாம் கீழவாசல் சாந்தாராம் கடையில் பதிந்தவை.
டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து
மிஞ்சின தாளில்
பட்டியலையும் அடித்துக்கொண்டு போவேன்.
ஏ பக்கம் ஒன்பது, பி பக்கம் ஒன்பது,
படத்தின் பெயருக்குக் கீழே கோடு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு
"வியாழக்கிழமை வாங்கிக்கம்மா" என்பார்.
எந்தப் பட்டியலுக்கும்
வேறு கிழமை சொன்னதில்லை.

ஒன்பது பாட்டு முடிந்தும் நாடா மிச்சமிருக்கும்,
பக்கத்துக்கு ஐந்து நிமிடம்.
வெறுமனே விட அவருக்கு மனசு வராது.
ஒருமுறை தனிக் கிளாரினெட்.
ஒருமுறை என்ன மொழி என்றே பிடிபடாத ஒரு பெண்குரல்.
ஒருமுறை தவில், உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து
'டொக்'கென்று நாடா தீர்ந்துவிட்டது.
எனக்கு அப்போது கோபம்.
"நான் எழுதாததை எதுக்குண்ணே போட்டீங்க?"
"சும்மா கெடக்குற எடந்தானம்மா."
அதற்குக் காசு சேர்த்ததும் இல்லை.

சிடியில் எண்பது நிமிடம்தான் பிடிக்குமாம்.
பத்து நிமிடம் எங்கேயாவது போயாக வேண்டும்.
"லிஸ்ட்ல இல்லாததைத் தூக்கும்மா"
கொட்டாவிக்கு நடுவே கௌசிக்.
நியாயம்தான்.
தூக்கினேன்.
அழிக்கவில்லை,
'சும்மா' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் தள்ளினேன்.

ஒன்பது கேசட்டுக்குப் பதினெட்டுத் துண்டு.
நேற்று ராத்திரி வரிசையாகக் கேட்டேன்.
நான் கேட்டு வாங்கிய பாட்டெல்லாம்
எனக்கு மனப்பாடம், அடுத்த அடி வரும் முன்பே
உதடு போய் நின்றுவிடும்.
இவற்றில் எந்த இடத்திலும்
அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை.

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன்,
அவளும் அங்கேதான் பதிவாள்.
"என்னோடதெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சுடி."
"கடைசியில ஏதாவது வந்துச்சா, ஞாபகம் இருக்கா?"
"கடைசி வரைக்கும் யாரு கேட்டா?"
கொஞ்ச நேரம் கழித்து அவளே,
"ஏன், ஒனக்கு மட்டும் போட்டாரோ?"
சிரித்தாள்.
தெரியாது என்றேன்.
தெரிந்துகொள்ள வழியும் இல்லை.
கடை இருந்த இடத்தில் நைட்டி தொங்குகிறது.
பரமக்குடிக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர்,
சேலம் என்றார் பூட்டுக்கடைக்காரர்.
பதினெட்டிலும் தேடிப் பார்த்தேன்,
ஒரு தும்மல்கூட விட்டுவைக்கவில்லை மனுஷன்.

அதை மட்டும் தனி சிடியாகப் போடுகிறேன்.
ஒட்டிப் பார்த்தால் எழுபத்தாறு நிமிடம்.
நான்கு நிமிடம் சும்மா கிடக்கிறது.

மணி இரண்டரை.
அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றுகிறது.
அவராயிருந்தால் இதற்குள்
எதையோ எடுத்துச் சொருகியிருப்பார்.
அலமாரியைத் துழாவுகிறேன்:
எல்லாமே நான் கேட்டு வாங்கியவை.

விடிந்ததும் கௌசிக்கிடம் சொல்ல வேண்டும்,
நாலு நிமிஷம் இருக்கு, ஏதாவது போடுடா.
என்ன பாட்டும்மா, லிஸ்ட் குடு என்பான்.
வியாழக்கிழமை வாங்கிக்கிறேன்
என்று எழுந்து போய்விட வேண்டும்.