ஒட்டுப்பால்

விடியல் நாலரைக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
குலசேகரம் மலைச்சரிவில் இருநூற்றெண்பது மரம்.
இருபது வருஷமாய் நான் வைத வாசம் அது,
சாக்கில் ஊறிக் கிடக்கும் ஒட்டுப்பால்,
சேலையில், தலைமுடியில், சோறு பிசையும் கையில்.
காய்ச்சல் விட்ட ஒன்பதாம் நாள்
அது இல்லாமல் போயிற்று.
காட்டுக்குள் போனேன். காடு இல்லை,
மரங்கள் மட்டும் நின்றன.

"வந்துட்டுப் போச்சில்லா, இனி ஊசி எதுக்கு?"
என்றான் ரசலையன், அடுத்த வரிசையில் வெட்டுகிறவன்.
"பட்டையைப் பாரு. வெட்டின இடத்தில
அதுவாட்டு புதுப்பட்டை வருது.
யாரு ஊசி போட்டா?"
நல்ல பேச்சு. எனக்கும் பிடித்தது.
மழைக்கு நாமதானே பிளாஸ்டிக் பாவாடை
கட்டுறோம் மரத்துக்கு, என்றேன்.
சிரித்தான்.
பிறகு தனியே நடக்கையில் நினைத்தேன்:
நான் மரமல்ல, அவனும் அல்ல.
மரத்தைச் சாட்சிக்கு அழைத்து
இந்த வழக்கு தீராது.

ஆள்களை வைத்துப் பார்த்தேன்.
இரண்டு ஊசியும் போட்ட வின்சிலாஸ்
மறுபடி படுத்தார், ஐந்து நாள்.
ஒன்றும் போடாத ரசலையன்
திற்பரப்பு ஏற்றத்திலும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை.
கணக்கு அவன் பக்கம் போலத்தான் இருந்தது.
அப்புறம் உறைத்தது,
வந்துட்டுப் போச்சு என்று சொல்வதற்கு
ஆள் மிச்சம் வேண்டும்.
பத்து மணிக்குக் கூட உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்
ஹெலன்பாய்க்கும் வந்தது.
போனது அவள்தான்.
ஆசாரிபள்ளத்திலிருந்து ஒரு கவரில்
செருப்பும் போன் சார்ஜரும் வந்தன.
எங்கள் தர்க்கத்துக்குள்
அவள் ஒருநாளும் குறுக்கே பேசுவதில்லை.

பள்ளிக்கூட வராந்தா. டோக்கன் நாற்பத்தொன்று.
விசுவாசம் என்று சொல்ல மாட்டேன்,
பயம் கொஞ்சம் இருந்தது, ஊசி முனைக்குத்தான்.
காய்ச்சல் எனக்குள் ஒரு படையை
நிறுத்திவிட்டுப் போயிருக்கிறதாம்.
நிற்கட்டும்.
எத்தனை பேர், எத்தனை மாசம் என்று
ஆஜர் எடுத்தவர் யாருமில்லை.
அன்று ராத்திரி கை மரக்கட்டையாய்க் கனத்தது.
மறுநாள் வெட்டுக்குப் போகவில்லை,
ஒருநாள் கூலி போயிற்று.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரசலையன் இன்னும் போடவில்லை.
நானும் அவனை விட்டபாடில்லை.
சனிக்கிழமை கடையில் என் சாக்கைத்
தராசில் தூக்கி வைத்ததும் அவன்தான்.
"நாறுதா?" என்றான்.
குனிந்து இழுத்துப் பார்த்தேன்.

கொஞ்சம்.
இடது மூக்கில் மட்டும்.