தேதி கேட்கிற பெட்டி

மண்டபம் தென்கடல் பக்கம்
நண்டுக் கம்பெனி ஆபீசில்
காலையில் என் முதல் வேலை
கணினிக்கு இன்று என்ன நாள் என்று சொல்வது.

உள்ளே பொத்தான் பாட்டரி செத்துப் பல வருடம்.
ஒவ்வொரு விடியலிலும் அதற்கு
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று.
ஆடி பாதி போய்விட்டது, வெளியே கச்சான் காற்று,
படகெல்லாம் போயாச்சு, எழுந்திரு
என்று தட்டிக் கொடுப்பேன்.
அதுவும் நம்பும்.

பதினேழு நாளாக மெயில் போகவில்லை.
கடவுச்சொல் கேட்கிறது. அடிக்கிறேன்.
மறுபடி கேட்கிறது. அடிக்கிறேன்.
முதலாளி சீனி நெய்னார் முதுகுக்குப் பின்னால் நின்று
"பெரிய எழுத்தாப் போட்டியா ஞானசீலி?" என்கிறார்.
மகள் பெயர், அவள் பிறந்த வருடம்.
அவர் வைத்த சொல்தான். சொல்லில் தப்பில்லை.
சொல்லைக் கொண்டுபோகிறவனை
வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து பூமிராஜன் போனில் விளக்கினார்:
அந்தப் பக்கம் பூட்டை மாத்திட்டாங்க அக்கா,
ரெண்டு மெஷினும் பேசுறதுக்கு முன்னாடி
ரகசியமா ஒரு கைகுலுக்கல் உண்டு,
உங்க பெட்டிக்குத் தெரிஞ்சது பழைய குலுக்கல்,
இப்ப அவங்க கையையே நீட்டுறதில்லை.
புதுசு வாங்குங்க. இல்லைன்னா வியாழக்கிழமை வந்து
ஏதாவது குறுக்குவழி போட்டுப் பாக்குறேன்.

டோக்கன் ஜன்னலில் ஒருமுறை பார்த்தேன்.
பழைய அட்டையை நீட்டியவரிடம்
சிப் வைத்த அட்டை எங்கே என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.
அவர் தன் பெயரை மூன்று தரம் சொன்னார்,
ஒவ்வொரு தரமும் இன்னும் சத்தமாக,
காது கேளாதவருக்குச் சொல்வது மாதிரி.

வேலை ஒன்றும் நிற்கவில்லை.
இன்வாய்ஸ் என் போனிலேயே போகிறது.
சிங்கப்பூர்க்காரர் கட்டைவிரல் காட்டுகிறார்,
நண்டுச்சதை ஐஸோடு லாரி ஏறுகிறது.
பெட்டியை யாரும் தேடவில்லை.
அதுதான் பத்து நிமிடத்துக்கு ஒருதரம்
தானாக எழுந்து முயல்கிறது:
மூன்றில் ஒன்றை அனுப்புகிறது.
மூன்றில் ஒன்றை அனுப்புகிறது.

அந்த ஒன்று என்னவென்று எனக்குத் தெரியும்.
அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது.
தூத்துக்குடி ஏஜெண்ட் பர்னபாசுக்கு.
கன்டெய்னர் இரண்டு நாள் வெயிலில் கிடந்த கோபத்தில்
திருடன் என்ற சொல் இரண்டு இடத்தில்,
அவர் அப்பாவைப் பற்றி ஒரு வரி.
அந்த வரியில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது.
திருத்தினேன்.
அனுப்பு என்று அழுத்திய அதே சாயங்காலம்தான்
அங்கே பூட்டு மாறியிருக்க வேண்டும்.

அப்புறம் தெரிந்தது, தப்பு பர்னபாஸ் மேல் இல்லை.
போன ஞாயிறு முதலாளி மகள் நிக்காஹுக்கு
குடும்பத்தோடு வந்தார், கையில் நாலு டப்பா மக்ரூன்.
இரண்டு பேரும் ஒரே சகனில் உட்கார்ந்தார்கள்.
முதலாளி தன் பக்கத்துக் கறியை
அவர் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தார்.
பந்தியின் இந்தப் பக்கம்
எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

மறுநாள் அழிக்கப் பார்த்தேன்.
அனுப்பிக்கொண்டிருக்கும் கடிதத்தை அழிக்க முடியாது
என்று பதில் சொல்லிற்று, பதினேழு நாளாக
எதையும் அனுப்பாத பெட்டி.

முதலாளிக்கு நினைவிருக்கிறதா, தெரியாது.
"சரியானதும் நிக்கிறதெல்லாம் தானாப் போயிரும்ல?"
என்று மட்டும் நேற்று கேட்டார்.
போயிரும் என்றேன்.

இன்று வியாழன்.
பூமிராஜன் வருகிற பஸ் உச்சிப்புளி தாண்டிவிட்டதாம்.
தேதி தப்பா இருந்தா எந்தப் பூட்டும் திறக்காது அக்கா
என்று அவர்தான் முன்பொருநாள் சொன்னார்.
பெட்டி எழுந்து, வழக்கம்போல், என்னைக் கேட்கிறது.

இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று.
இருக்கட்டும்.
பர்னபாஸ் என்று ஒருவரை
எங்களுக்கு இன்னும் தெரியாது.