காற்புள்ளி மட்டும் பார்

அட்டவணை பதினொன்று, ஆறாவது வரி.
பிப்ரவரி பத்தொன்பது. ஏரியில் பனிக்கட்டியின் தடிமன்
நாற்பத்தேழு காற்புள்ளி மூன்று.
(எஸ்தோனியாவில் தசமத்துக்கும் காற்புள்ளிதான்.)

அன்றைக்கு நாங்கள் ஏரியில் இறங்கவேயில்லை.

முஸ்த்வேயில், மீன் புகைக்கும் கொட்டகைக்குப் பின்னால்
வேனை நிறுத்திவிட்டு
நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், வில்யாரும் நானும்.
கண்ணாடிக்கு வெளியே வெள்ளை. வேறொன்றுமில்லை.
துளைக்கருவி பின்னிருக்கையில்
உறைகூடக் கழற்றாமல் படுத்துக் கிடந்தது.
பிளாஸ்க் மூடியில் எனக்குக் காப்பி ஊற்றினான்,
தனக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு.
இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது?

ஆய்வேட்டை அவனேதான் கொண்டுவந்து தந்தான்.
"காற்புள்ளி மட்டும் பார், ஹெல்வே.
அதில் நீ பொல்லாதவள்."
காற்புள்ளி பார்த்துக்கொண்டுதான் வந்தேன்,
எண்ணில் கால் இடறிவிட்டது.

ஒருவேளை மறுநாள் தனியாகப் போயிருப்பான்.
ஒருவேளை தேதி தட்டச்சில் பிசகியிருக்கும்.
ஒருவேளை, ஒருவேளை என்று
களப்பதிவேட்டை எடுத்தேன்.
"காற்று. திரும்பிவிட்டோம்." என் எழுத்து.
கீழே அவன் கையொப்பம்.
இருபதாம் தேதி அவனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள்.
வீங்கிய கன்னத்தைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

மற்ற வரிகளை ஒப்பிடவில்லை.
இன்னும் கிடைத்துவிடுமோ என்ற பயத்தைவிட
இது ஒன்றுதான் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.
ஒன்றே ஒன்றுக்கு ஒரு மனிதனை என்ன செய்வது?
அந்த வரியை அடித்துவிட்டுச் சராசரி போட்டேன்,
ஒரு மில்லிமீட்டர் நகரவில்லை.

பல்கலைக்கழகத்தில் இதற்கொரு படிவம் உண்டு.
உங்கள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்கிறது.
அந்த வேனில் இருந்ததே இரண்டு பேர்.

காட்டிக் கொடுப்பது என்கிறோம்.
காட்டுவது எனக்குப் புதிதல்ல.
எங்கே கட்டி, எங்கே தண்ணீர் என்று
இருபத்திரண்டு வருஷமாகக் காட்டித்தான் சம்பளம்.
கொடுக்கத்தான் கை வரவில்லை.
தவிர, இன்னும் சமர்ப்பிக்கவில்லையே.
வரைவில் இருக்கும் பொய்
பொய்யா, வெறும் வரைவா?

இப்படி ஞாயிற்றுக்கிழமை முழுக்க
அவனுக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன், நன்றாகவே.
இரவு பாத்திரம் கழுவும்போது
பீரிசார் தீவு குறுக்கே வந்தது.

ஒவ்வொரு குளிர்காலமும், பனிப்பாதை திறக்கும் காலையில்
சாலைத்துறையிலிருந்து போன் வரும்.
"எத்தனை?" என்பார்கள். அவ்வளவுதான் கேள்வி.
வில்யார் எண்ணைச் சொல்லுவான்.
பிறகு அந்த எண்ணின் மேல்
ரொட்டி வண்டி போகும், தபால்காரி போவாள்,
தீவிலிருந்து வெங்காய மூட்டைகள் வரும்.
ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

அந்தக் காலைகளில் அவன் துளையிட்டுத்தான் சொன்னான்.
சொல்லியிருப்பான்.
பாருங்கள், "சொன்னான்" என்பது
"சொல்லியிருப்பான்" ஆகிவிட்டது.
எண் போனால் போகட்டும்,
இந்த வினைச்சொல்லைக் கெடுத்ததற்குத்தான்
அவன்மேல் எனக்கு ஆத்திரம்.

பச்சைப் பென்சிலால் முப்பத்தியொரு காற்புள்ளி திருத்தினேன்.
அட்டவணை பதினொன்றில், ஆறாவது வரியில்
ஒரு காற்புள்ளியை மட்டும் வட்டமிட்டேன்.
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.
களப்பதிவேட்டை அதே தேதியில் திறந்து
அவன் மேசையில், ஆய்வேட்டுக்கு அடியில் வைத்தேன்.

இன்று காலை கேட்டான்:
"என்ன இது, காற்புள்ளி தப்பா?"

"காற்புள்ளி சரிதான்" என்றேன்.

வட்டத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்,
நவம்பர்க் கரையில் நின்று
தாங்குமா என்று ஒரு காலை மட்டும்
வைத்துப் பார்ப்பவன் போல.

சமர்ப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
படிவத்தில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்,
பெயரை மட்டும்.
இன்று செவ்வாய்.