இடக்கையன்

கந்தோர்ச் சுவரில்
வரைபட அலுமாரிக்கு மேலே
கறையான் பாதி தின்ற சட்டத்துக்குள் ஒரு காடு.
கீழே பென்சிலால், ஆங்கிலத்தில்:
விடியல், வன்னி, எழுபத்தொன்று.
ஆயிரத்து எண்ணூறையும் சேர்த்து எழுத
அந்த மனுசனுக்குத் தேவை வரவில்லை.

"விடியலோ?" என்பார் பூபாலசிங்கம் ஓவசியர்.
"வெளிச்சம் இடப்பக்கம். இடப்பக்கம் மேற்கு.
இது பின்னேரம்."
நீர்ப்பாசனக் கந்தோரில் எந்தக் கடதாசிக்கும்
மேலே வடக்குத்தான்.
ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

மூலையில், பாலையின் அடியில் ஒருவன்.
நெல்மணியளவு.
இடக்கையில் கத்தி.
இடக்கையன் என்று பெயர் வைத்திருந்தோம்.
யார் இன்றைக்கு லீவு என்று கேட்டால்
அவனைக் காட்டுவோம்.

மாரியில் கண்ணாடி வெடித்தது.
ஒட்டுசுட்டான் சந்தியில் மரியாம்பிள்ளையின் கடைக்கு
நான்தான் கொண்டுபோனேன்,
மழைக்கோட்டுக்குள் சுற்றி.

செப்புத் தகட்டில் ஊசியால் கீறினால்
உழுத சாலோரம் மண் எழும்புமாப்போல
செம்பு எழும்புமாம்.
மை அந்த வரம்பில்தான் படுக்கும்.
ஒவ்வொரு தாளுக்கும் நசிய நசிய
வரம்பு சரியும், காடு வெளிறும்.
"இது பிந்தின தாள், தங்கச்சி.
நீங்கள் பனி எண்டு பாக்கிறது
தேய்ஞ்ச செம்பு."

எனக்குப் பனியை விட மனமில்லை.
வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன்,
தாளின் முதுகு என்னைப் பார்க்க.

தகட்டில் வலது. தாளில் இடது.
முதுகில் மறுபடி வலது.

கிழக்கு வந்தது.
வந்ததும், கவிழ்த்த சருவச்சட்டி மாதிரிக் கிடந்த பாறை
ஈச்சமோட்டைக் குளத்து வலக்கரைப் பாறையாயிற்று.
போன கிழமைதான் அதன்மேல் நின்று
நீர்மட்டம் எழுதினேன்.
வீரைகள் இப்போது அங்கே இல்லை.
பாலை ஒன்று நிற்கிறது,
அதுதானோ தெரியாது.

இடக்கையன் கத்தியை
வலக்கைக்கு மாற்றியிருந்தான்.
சாதாரண ஆள்.
விறகுக்கு வந்திருப்பான், அல்லது
துரைக்கு வழி வெட்ட.
கீறி முடியும்வரை அசையாதே என்றிருப்பார்கள்,
அந்த நுளம்புக்குள்.

"எந்தப் பக்கம் வெளியாலை?"
மரியாம்பிள்ளை ஆணியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

படம் இப்போது யன்னலில் தொங்குகிறது.
மேசையிலிருந்து பார்க்க எனக்கு விடியல்.
வெளியே உரமானியத்துக்கு வரிசையில் நிற்கிற
கமக்காரருக்கு அவன் இன்னும் இடக்கையன்.

பற்றுச்சீட்டில் ஓவசியர் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்:
கண்ணாடி, 2.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பதில் இன்னும் எழுதவில்லை.