ஏழரை

பிர்னோவில் கடல் இல்லை.
ஞாயிறுதோறும் லிபுஷெ அதைச் செய்கிறாள்:
வடித்த நீர் இருபது லிட்டர்,
உப்பு எழுநூற்றறுபது கிராம்,
கலங்கல் தெளியும்வரை சின்ன மோட்டார் ஒன்று.

பிறகு சோதனைக் குழாயில் சொட்டுகள்.
நீலம், நீலம், இன்னும் நீலம்,
பதினைந்தாவதில் மஞ்சள்.

"எவ்வளவு?" சமையலறையிலிருந்து ராடிம்.
"ஏழரை."

மகன் கோபித்துப் போன பிறகு
இந்த வீட்டில் மிஞ்சிய ஒரே கேள்வி அது.
நுரைக் கோப்பையின் பழுப்புக் கசட்டை
அவன் கழுவி வைப்பான். அவ்வளவுதான்.

நேற்றிரவு மின்சாரம் போனது.
இரைச்சல் நின்றதுதான்
இருவரையும் எழுப்பியது.
டார்ச் வெளிச்சத்தில் பவளம் உள்ளிழுத்துச் சுருங்க,
தண்ணீருக்கு மூச்சு வேண்டுமே என்று
சூப் கரண்டியால்
மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினான்.

மணி மூன்று. வெப்பமானியில் இருபத்துமூன்று.
அவள் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.
"கை வலிக்குதா?"