ஜோடி சேராதது

அமியான் ஞாயிற்றுச் சந்தையில்
கதவுக் குமிழ்களுக்கு அடியில்
நாலு விளிம்போடு நீண்டு கிடந்தது
லெபெல் துப்பாக்கிச் சனியன்.

திபோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எண்களை வாசித்தான்.
பிடியில் 41207. உறையில் 38816.
"ஜோடி இல்லை. பாதி விலைதான்."

"முனையும் மழுங்கல், சொல்லிவிடுகிறேன்,"
என்றாள் ஒதெத்.
"மாமியார் லீக்ஸ் நாற்றுக்குக் குழி போட்டது,
அறுபது வருஷம்."

பேரத்தை மறந்து
கட்டைவிரலை அதில் அழுத்திப் பார்த்தான்.
குத்தவில்லை.

இரவு, எண்ணெய்த் துணி மடியில்.
உறைக்காரன் ஒருவன், கத்திக்காரன் வேறொருவன்;
எந்தச் சேற்றில் மாறிப்போனது,
யார் குனிந்து எடுத்தது?

பிடி இடுக்கில் மண்.
குண்டூசியால் கிளறப் போனவன்
நிறுத்திவிட்டான்.
அலமாரியில் மற்ற முப்பதும் பளபளக்க
இது மட்டும்
கொஞ்சம் தோட்டத்தோடு.